சரிபார்த்தவர்

ஆசிரியைக்கு முப்பத்தொரு வயது. மாணவருக்கு ஐம்பத்திரண்டு.

ஆசிரியையின் பெயர் மெஹருன்னிசா. கோவை உக்கடத்துக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்ததால், அந்த வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்ற பெயர் அவரை விடவில்லை.

மாணவர் தணிகாசலம். அதே ஊரில் கணபதி பகுதியில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. பன்னிரண்டு கடைகளும் ஓர் இணையதளமும் உள்ள கம்பெனி. அந்தத் தளத்தை ஒன்பது வருடத்துக்கு முன் தனியாளாகக் கட்டி எழுப்பியவர் அவர்தான்.

ஒருநாள் முதலாளி திருமூர்த்தி கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம வெப்சைட்ட மாற்றுத்திறனாளிங்களும் பயன்படுத்தற மாதிரி மாத்தணும். ஒரு டீச்சர் வர்றாங்க. ரெண்டு மாசம் இருப்பாங்க. அவங்க சொல்றபடி செஞ்சிருங்க."

டீச்சர் வந்த முதல் நாளே தணிகாசலம் கேட்டார்.

"என்னென்ன குறைன்னு ஒரு லிஸ்ட் குடுத்துட்டீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிருவேன்."

"லிஸ்ட் இல்லீங்க சார். ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கலாம்னு இருக்கேன். பக்கத்துல உக்காந்து பாக்கறீங்களா?"

டீச்சர் மடிக்கணினியைத் திறந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று பேசத் தொடங்கியது. பட்டன், பட்டன், படம், பட்டன் என்று அது சொல்லிக்கொண்டே போனது. எந்தப் பட்டன், என்ன படம் என்று சொல்லவில்லை. அதையெல்லாம் காதால் கேட்கிறவர்களும் வருவார்கள் என்று நினைக்காததால் தணிகாசலம் எதற்கும் பெயர் வைத்திருக்கவில்லை. டீச்சரின் விரல்கள் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. நாற்பது நிமிடம் ஆனது.

"வாங்கிட்டேன்," என்றார் டீச்சர். "என்ன வாங்கினேன்னு நீங்கதான் சொல்லணும்."

தணிகாசலம் திரையைப் பார்த்தார். குழந்தைக்குக் கட்டும் டயப்பர். மூன்று கட்டு.

அவர் சிரிக்கப் போனார். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து படங்களுக்கும் பட்டன்களுக்கும் பெயர் வைக்க ஆரம்பித்தார்.

வேலையில் அவர் குறை வைக்கிறவர் இல்லை. மூன்று வாரத்தில் தளம் மாறியது. எழுத்துகள் தெளிவாயின. மவுஸைத் தொட முடியாதவர்கள் விசைகளை மட்டும் வைத்தே மருந்து வாங்க முடிந்தது. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் டீச்சர் அதில் எதையாவது தேடி வாங்கிப் பார்ப்பார். தடுக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் தணிகாசலம் கேட்டார். "இவ்வளவு பாடுபடறோம். எத்தன பேர் டீச்சர் இப்படி வந்து வாங்குவாங்க?"

"நான் ஒருத்தி வந்திருக்கேன். பத்தாதுங்களா?"

அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

தணிகாசலத்துக்கு ஒரு சங்கதி இருந்தது. யாருக்கும் தெரியாத சங்கதி. நாலு வருடமாக அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில், எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் வாயைப் பார்த்தால் பாதி விளங்கும். மீதியை அவராக ஊகித்துக்கொள்வார். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்த பிறகு சிரிப்பார். யாராவது பேர் சொல்லிக் கேட்டால், "மெயில்ல போட்டுருங்க, பாத்துச் சொல்றேன்," என்பார். எதையும் எழுத்தில் வைத்துக்கொள்கிற ஒழுங்கான மனிதர் என்று அலுவலகத்தில் பேர்.

அவர் மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகளோடு பெங்களூர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அங்கிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார். "இங்க சிக்னல் இல்ல, மெசேஜ் போடு," என்று எழுதுவார். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று மெசேஜில்தான் படித்தார். அவள் பேசியதை ஒரு தடவை ரெக்கார்டு செய்து அனுப்பியிருந்தார்கள். போனைக் காதோடு அழுத்தி வைத்து ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தார். மழை பெய்கிற மாதிரி ஏதோ ஒன்று கேட்டது. "ரொம்ப அழகா பேசறா," என்று பதில் எழுதினார்.

நான்காவது வாரம் வீடியோக்களின் முறை வந்தது. மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று மருந்தாளுநர் ஒருவர் விளக்குகிற வீடியோக்கள், மொத்தம் பதின்மூன்று. பேசுகிறவரின் முகம் எதிலும் இருக்காது. இரண்டு கைகளும் மருந்தும் மட்டும்தான்.

"காது கேக்காதவங்களுக்கு சப்டைட்டில் வேணும்," என்றார் டீச்சர். "மெஷின் எழுதிக் குடுக்கும். ஆனா ஒரு ஆள் உக்காந்து கேட்டு, வரி வரியா சரிபார்க்கணும்."

தணிகாசலம் தலையாட்டினார்.

மெஷின் ஒரு மணி நேரத்தில் பதின்மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். வீடியோவைப் போட்டு, ஒலியை முழுக்கக் கூட்டி, வலது காதை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தார். அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்து, என்ன சார் இவ்வளவு சத்தம் என்று கைஜாடையில் கேட்டார். ஒலியைக் குறைத்துவிட்டார்.

வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வீடியோவுக்கும் நேரே 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பதின்மூன்று கட்டத்திலும் தன் பெயரைப் போட்டார்.

டீச்சர் கேட்டார். "எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா சார்?"

"பாத்துட்டேங்க."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

அந்த வார இறுதியில், எங்கள் தளத்தை இனி எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. திருமூர்த்தி அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து திருப்பூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பெயர் தெய்வானை. ஒரு நூல்மில்லில் வேலை, மில் விடுதியிலேயே தங்கல் என்று எழுதியிருந்தார்.

'எனக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பஞ்சுத் தூசியால் எனக்கு இளைப்பு உண்டு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். கடையில் போய் உபயோகிக்கும் முறையைக் கேட்டால் அவர்கள் பேசுவது எனக்கு விளங்காது. உங்கள் விளம்பரத்தைப் பார்த்து உங்களிடம் வாங்கினேன். வீடியோவில் எழுத்து ஓடியது. மிகவும் சந்தோஷப்பட்டேன். மருந்தை இழுத்த உடனே மூச்சை வெளியே விட வேணும் என்று எழுதியிருந்தது. நானும் உடனே விட்டேன். ஒரு வாரமாகியும் இளைப்பு நிற்கவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உடனே விடக் கூடாது, மூச்சை அடக்கிப் பத்து எண்ண வேண்டும் என்று அங்கே நர்ஸ் காகிதத்தில் எழுதிக் காட்டினார். நீங்கள் எழுதியபடிதான் நான் செய்தேன்.'

வீடியோவில் மருந்தாளுநர் சொன்னது 'விட வேணாம்'. மெஷின் எழுதியது 'விட வேணும்'.

திருமூர்த்தி மீட்டிங் கூட்டினார். அந்த மின்னஞ்சல் டீச்சருக்கும் வந்திருந்தது, ஆனால் அவரை யாரும் கூப்பிடவில்லை.

"யாருங்க இத சரிபார்த்தது?"

பட்டியலை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்கள். திருமூர்த்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலத்துக்குக் கேள்வி நன்றாகவே விளங்கியது.

"மெஷின் போட்ட தப்புங்க," என்றார். "இந்த மாதிரி மெஷின்ல இதெல்லாம் வரும்."

திருமூர்த்தி பட்டியலைத் தள்ளி வைத்தார். "அப்ப நமக்கு எதுக்கு வம்பு? வீடியோ எல்லாத்தையும் எடுத்துருங்க. அந்தம்மாவுக்கு வருத்தம் தெரிவிச்சு ஒரு மெயில் போட்டுருங்க."

அவ்வளவுதான். மீட்டிங் முடிந்துவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல் இருந்தது. படியிறங்கும்போது, அவர் இன்னும் மூன்று படி இறங்குவதற்குள், அந்தக் கல் திரும்பவும் ஏறிவிட்டது.

டீச்சருக்குப் பழைய மருந்துப் பெட்டிகள் வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் கொடுத்திருந்தார்கள். தணிகாசலம் அங்கே போய் நின்றார்.

"வீடியோ எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லிட்டாங்க டீச்சர்."

டீச்சர் மடிக்கணினியில் அந்த இன்ஹேலர் வீடியோவைப் போட்டார். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஏதோ கேட்டார்.

தணிகாசலத்துக்குக் கேட்கவில்லை. வாயும் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

டீச்சர் திரும்பினார். "இப்ப வீடியோவுல என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

தணிகாசலம் முக்காலியில் உட்கார்ந்தார். கைகளைத் துடைத்துக்கொண்டார். கைகளில் ஒன்றும் இல்லை.

"எனக்குக் காது கேக்காது டீச்சர்."

அந்த வாக்கியத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தன் குரல் எவ்வளவு உரக்க இருந்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எத்தன நாளா?"

"நாலு வருஷம்."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு. இப்பத்தான்."

"எனக்கு மொத வாரமே தெரியும் சார்," என்றார் டீச்சர். "நான் குனிஞ்சுக்கிட்டுப் பேசினா உங்ககிட்டயிருந்து பதில் வராது. நிமிர்ந்து பேசினா வரும்."

"ஏன் கேக்கல?"

டீச்சர் விரலால் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பார்வை இல்லங்கறத மறைக்க முடியாது. உங்களால மறைக்க முடிஞ்சுது. அத நான் ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். நீங்க பதிமூணு கட்டத்துல பேர் போட்டப்பவும் வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. ஒரு மனுஷருக்குச் சங்கடமாயிருமேன்னு பாத்தேன். அந்தச் சங்கடம் திருப்பூர்ல ஒரு பொண்ணு நெஞ்சுல போய் உக்காந்துருச்சு."

வெளியே டெலிவரி வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. இருவரில் ஒருவருக்கு அது கேட்டது.

"இப்ப என்ன பண்றது டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி அவருக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். வீடியோவைத் தொடக்கத்திலிருந்து போட்டு ஒரு வரியோடு நிறுத்தினார். கேட்டதை, வாயை நன்றாக அசைத்து, மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

தணிகாசலம் அதைத் தட்டச்சு செய்தார். அவர் தட்டியதை மடிக்கணினி டீச்சருக்கு வாசித்துக் காட்டியது. டீச்சர் தலையசைத்தார். அடுத்த வரி.

பதின்மூன்று வீடியோவுக்கும் நான்கு நாள் ஆனது. இடையில் ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். காண்பதற்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். ஒருவர் மற்றவரின் வாயை இமைக்காமல் பார்க்கிறார். மற்றவர் எங்கேயோ பார்க்கிறார். எட்டிப் பார்த்தவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

இன்ஹேலர் வீடியோவைக் கடைசியாக எடுத்தார்கள்.

"உடனே மூச்சை வெளிய விட வேணாம்," என்றார் டீச்சர்.

தணிகாசலம் தட்டினார். மடிக்கணினி வாசித்தது. டீச்சர் தலையசைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்."

"வேணாம்."

"இன்னொரு தடவ."

"வேணாம் சார்," என்றார் டீச்சர். "வேணாம்."

அவர் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தெய்வானைக்குப் பதில் எழுதினார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு எங்கள் நிறுவனம் வருந்துகிறது' என்று தொடங்கியது. டீச்சரிடம் காட்டினார். மடிக்கணினி அதை வாசித்து முடித்தது.

"இத எழுதினது யாரு?" என்றார் டீச்சர்.

"நான்தான்."

"அப்படிங்களா?" என்றார் டீச்சர். "இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லட்டுங்களா? எனக்குச் சரியா கேக்கலயோ என்னவோ."

தணிகாசலம் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து எல்லாவற்றையும் அழித்தார். திரும்ப எழுதினார்.

'அம்மா, அந்த எழுத்துகளைச் சரிபார்த்தேன் என்று பெயர் போட்டவன் நான். எனக்குக் காது கேட்காது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதனால் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். வீடியோக்களை இப்போது காது கேட்கிற ஒருவரோடு உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. தணிகாசலம்.'

திருமூர்த்திக்கும் ஒரு நகல் போட்டார். அனுப்புகிற பட்டனின் மேல் கை வெகுநேரம் இருந்தது. அப்புறம் அழுத்தினார்.

தெய்வானையின் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. இரண்டே வரி.

'இப்போது மூச்சு பரவாயில்லை. உங்களைப் போலச் சொல்லாமல் இருக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.'

அது மன்னிப்பா இல்லையா என்று தணிகாசலத்துக்கு விளங்கவில்லை. டீச்சரிடம் கேட்டார். டீச்சர் தனக்கும் தெரியவில்லை என்றார்.

திருமூர்த்தி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, காதுக்கு மெஷின் வாங்கச் சொன்னார். வீடியோக்களைத் திரும்பப் போட அனுமதி கொடுத்தார். இனி ஒலி சம்பந்தப்பட்ட எதையும் வேறொருவர் பார்ப்பார் என்றும் சொன்னார். அது நியாயம்தான் என்று தணிகாசலம் நினைத்தார். மனைவிக்கும் அன்றைக்கே எழுதினார். அரை மணி நேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு, 'என் மேல கோவம்னு நெனச்சிட்டிருந்தேன்' என்று வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய் வந்தார்.

அலுவலகத்தில் சேதி ஒரே நாளில் பரவிவிட்டது. சிலர் அவரிடம் மலையேறி நின்று கூப்பிடுவது போலக் கத்திப் பேசினார்கள். சிலர் பார்த்ததும் கையை ஆட்டி ஜாடை காட்டினார்கள். பலர், பேசினால் சிரமம் என்று பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். என்னவென்று தணிகாசலம் கேட்டார். நாலு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார். எதிரே இருந்த பேக்கிங் பிரிவு கந்தவேல் தன் பக்கத்தில் இருப்பவரிடம், "விடு, சாருக்குச் சொல்லிப் புரியவெக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்," என்றார். முகத்தைத் திருப்பாமலே சொன்னதால் தணிகாசலத்துக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

மறுநாளிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு தன் இருக்கைக்கே வந்துவிட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

இரண்டு மாதம் முடிந்தது. டீச்சர் தன் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் வந்து, பழக்கமான அந்த எதிர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க சார்."

"சொல்லிட்டா பாரம் இறங்கிரும்னு இருந்தேன். சொல்லிட்டேன். முன்ன அவங்களோட உக்காந்து ஒண்ணும் புரியாம சாப்பிட்டேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சும் தனியா உக்காந்து சாப்பிடறேன். எனக்கு ஒருத்தரும் இல்ல இந்த ஆபீஸ்ல. ஒருத்தர்கூட வந்து ஏன்னு கேக்கல."

டீச்சர் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பிறகு, அவர் தன் வாயைப் பார்ப்பதற்கு வசதியாக நிமிர்ந்து, முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா மத்தியானம் நான் எங்க சாப்பிடறேன் சார்?"

தணிகாசலம் பதில் சொல்ல வாயெடுத்தார்.

அவருக்குத் தெரியவில்லை.